உதவிப் பிரிவை எங்கே வைப்பது? சிங்கப்பூர், மணிலா, சென்னை, காரைக்குடி: ஓர் ஒப்பீடு

காரைக்குடிக்கு அருகிலுள்ள பள்ளத்தூரைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு குடும்பம் சிங்கப்பூரில் கடைகளுக்குப் பில் போடும் மென்பொருளும் அதற்கான இயந்திரங்களும் விற்கிறது. மளிகைக் கடை, சாப்பாட்டுக் கடை, ஜவுளிக் கடை என வாடிக்கையாளர்கள் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பரவியிருக்கிறார்கள். பிரிண்டர் ஓடவில்லை, வரி தவறாக விழுகிறது, நேற்றைய விற்பனை கணக்கில் ஏறவில்லை என்று அவர்கள் போன் செய்தால் எடுத்துப் பதில் சொல்ல ஒரு சிறிய உதவிப் பிரிவு சிங்கப்பூரிலேயே இருக்கிறது; மலாய், சீன மொழி அழைப்புகளுக்குக் கோலாலம்பூரில் இரண்டு பேர் இருக்கிறார்கள். வாடகையும் சம்பளமும் ஏறிக்கொண்டே போவதால் அந்தப் பிரிவை வெளிநாட்டுக்கு மாற்றிவிடலாம் என்று இப்போது நினைக்கிறார்கள். மணிலாவில் ஓர் ஒப்பந்த நிறுவனம் விலை கொடுத்திருக்கிறது. சென்னையில் ஒன்று அதைவிடக் குறைத்துக் கொடுத்திருக்கிறது. குடும்பத்துப் பெரியவருக்குக் காரைக்குடியிலேயே சொந்தமாக ஓர் அலுவலகம் போட வேண்டும் என்று ஆசை. எதையும் மாற்ற வேண்டாம் என்பது சிங்கப்பூரில் பிரிவை நடத்தும் மேலாளரின் கட்சி.

என்னிடம் கருத்துக் கேட்டார்கள். சென்னையில் ஓர் ஒப்பந்த நிறுவனத்தில் அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கு இரவு ஷிப்டில் தொழில்நுட்ப உதவி சொல்லும் வேலை பார்த்தவன் நான். பிறகு அத்தகைய குழுக்களை நடத்தியும் இருக்கிறேன். இதே யோசனையில் இருக்கும் குடும்பங்கள் செட்டிநாட்டில் இன்னும் பல உண்டு என்பதால் அவர்களிடம் சொன்னதை விரித்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு அழைப்பைப் பார்ப்போம். அமெரிக்காவில் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பாளர் அழைக்கிறார். இணைய ரவுட்டர் எரியவில்லை. வேறொரு பிளக்கில் மாட்டிப் பார்க்கச் சொன்னேன், அப்போதும் விளக்கு வரவில்லை. பக்கத்து அறையிலிருந்த அதே மாதிரி ரவுட்டரின் அடாப்டரை எடுத்து மாட்டச் சொன்னேன், உடனே எரிந்தது. பழுது அடாப்டரில்தான் என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. புது அடாப்டர் அனுப்பினால் கதை முடிந்தது. ஆனால் அனுப்பும் அதிகாரம் என்னிடம் இல்லை. என் மேற்பார்வையாளரிடமும் இல்லை. அது வாடிக்கையாளர் நாட்டில் இருந்த வேறொரு குழுவிடம் இருந்தது. அந்தக் குழுவுக்குப் புகாரை ஏற்ற வேண்டுமென்றால் திரையில் வரும் கேள்விப் பட்டியல் முழுவதையும் முடித்திருக்க வேண்டும்: ரவுட்டரின் அமைப்புகளை அழித்து மறுபடி அமைத்தீர்களா, கேபிளை மாற்றினீர்களா, கணினியை அணைத்துப் போட்டீர்களா. எரியாத ரவுட்டரில் எதை அழித்து எதை அமைப்பது? அதற்குள் அழைப்புக்கு ஒதுக்கிய நிமிடங்கள் தீர்ந்துவிட்டன. அந்த அம்மாள் அதே வாரத்தில் மறுபடி மறுபடி அழைத்தார். ஒவ்வொரு முறையும் வேறொருவர் எடுத்து, பட்டியலை முதலிலிருந்து தொடங்கினார். வார இறுதி அறிக்கையில் அந்த அழைப்புகள் எல்லாமே குறித்த நேரத்துக்குள் முடிந்தவையாகப் பதிவாகியிருந்தன. செலவான நேரத்தின் மதிப்பில் பல அடாப்டர்கள் வாங்கியிருக்கலாம்.

இதை நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உதவிப் பிரிவை மாற்றும் பேச்சு எப்போதும் ஒரு அழைப்புக்கு எவ்வளவு செலவு என்ற கணக்கில்தான் தொடங்குகிறது. என் அனுபவத்தில் அந்தக் கணக்கு பாதியைத்தான் காட்டும். எந்த ஊரில் உட்கார்ந்து போனை எடுக்கிறார் என்பதை விட, எடுப்பவர் கையில் என்ன அதிகாரம் இருக்கிறது, பொருளைச் செய்தவரை அவர் எவ்வளவு சீக்கிரம் எட்ட முடியும் என்பவைதான் செலவைத் தீர்மானிக்கின்றன.

ஒரு கற்பனைக் கணக்கு போடலாம். சிங்கப்பூரில் ஒரு அழைப்புக்கு 10 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஆகிறது, ஒப்பந்த நிறுவனத்தில் 3 வெள்ளி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். காகிதத்தில் 70 சதவீத மிச்சம். ஒப்பந்த நிறுவனத்தில் ஒரு புகார் தீர மூன்று அழைப்பு தேவைப்பட்டால் 9 வெள்ளி ஆகிவிட்டது. அதில் சில புகார்கள் எப்படியும் சிங்கப்பூர்ப் பொறியாளர் மேசைக்குத்தான் வந்து சேரும். அந்த நேரத்தையும் சேர்த்தால் மிச்சம் ஒன்றும் இல்லை. கடைக்காரர் அலுத்துப்போய் வேறு மென்பொருளுக்கு மாறினால் அந்த இழப்பு உதவிப் பிரிவின் கணக்கில் வரவே வராது. விற்பனைப் பிரிவின் தலையில் விழும்.

ஒப்பந்தத்தில் பணம் எதற்குக் கொடுக்கிறோம் என்பதும் இங்கே முக்கியம். அழைப்புக்கு இவ்வளவு என்று கொடுத்தால், ஒரே புகாருக்கு நான்கு முறை அழைப்பு வந்தால் ஒப்பந்த நிறுவனத்துக்கு நான்கு மடங்கு வருமானம். இருக்கைக்கு இவ்வளவு என்று மாதக் கணக்கில் கொடுத்தால், இருக்கையில் யார் உட்கார்ந்திருக்கிறார், அவருக்கு என்ன தெரியும் என்பதில் அவர்களுக்கு அக்கறை இருக்க வேண்டிய அவசியம் இல்லை. தீர்ந்த புகாருக்குத்தான் பணம் என்று கேட்டுப் பாருங்கள். விலை சட்டென்று ஏறும். ஏறிய அந்த விலைதான் உண்மையான விலை.

பெரிய நிறுவனங்கள் இந்தப் பாடத்தைப் பணம் கொடுத்துக் கற்றன. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 1996-இல் மும்பையிலும், ஜி.இ. நிறுவனத்தின் நிதிப் பிரிவு 1997-இல் குர்கானிலும் பின்னணி வேலைகளுக்கு அலுவலகம் தொடங்கின. அடுத்த சில ஆண்டுகளில் தொலைபேசி உதவியும் அலையலையாக இந்தியாவுக்கு வந்தது. 2003 நவம்பரில் கணினி விற்கும் டெல் நிறுவனம் தன் அலுவலக வாடிக்கையாளர்களுக்கான உதவி அழைப்புகளைப் பெங்களூரிலிருந்து மறுபடி அமெரிக்காவுக்கு மாற்றியது. தொடர்ந்து வந்த புகார்கள்தான் காரணம். 2011-இல் சான்டாண்டர் வங்கி பெங்களூரிலும் புனேயிலும் எடுக்கப்பட்டுவந்த பிரிட்டிஷ் வாடிக்கையாளர் அழைப்புகளைத் திரும்ப பிரிட்டனுக்கே கொண்டுபோனது. உச்சரிப்பு புரியவில்லை என்ற குறையைத்தான் அப்போது எல்லோரும் பேசினார்கள். மறுமுனையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: உச்சரிப்பு பழகிவிடும். கோபத்தைக் கிளப்பியது, பிரச்சினையைப் புரிந்துகொண்ட பிறகும் எங்களால் எதுவும் செய்ய முடியவில்லை என்பதுதான்.

இனி வழிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

சிங்கப்பூரிலேயே தொடர்வது

இந்தக் கட்சிக்கு வலு இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். அங்கே இருக்கும் ஆட்கள் கடைக்காரர்களைப் பெயர் சொல்லி அறிவார்கள். சிங்கப்பூரில் ஜி.எஸ்.டி. 2023 ஜனவரி 1-இல் 7 சதவீதத்திலிருந்து 8 ஆகவும், 2024 ஜனவரி 1-இல் 9 ஆகவும் உயர்ந்தது. மலேசியாவில் 2024 மார்ச்சில் சேவை வரி பல இனங்களுக்கு 8 சதவீதமானது; அதே ஆண்டு ஆகஸ்டிலிருந்து மின்-விலைப்பட்டியல் முறை பெரிய நிறுவனங்களில் தொடங்கிப் படிப்படியாக வருகிறது. இப்படிப்பட்ட நாட்களில்தான் உதவிப் பிரிவின் தரம் தெரியும். புத்தாண்டுக்கு முதல் நாள் இரவு, பழைய விகிதத்தில் முன்பணம் வாங்கிய ஆர்டருக்குப் புது விகிதத்தில் பில் போடுவதா என்று ஒரு கேட்டரிங்காரர் கேட்டால், எழுதி வைத்த பட்டியலைப் பார்த்து வாசிப்பவரால் பதில் சொல்ல முடியாது.

செலவு அதிகம் என்பது மறுக்க முடியாத உண்மை. அதோடு ஆள் கிடைப்பதும் சிரமமாகிவிட்டது. ஆனால் மாற்றுவதாக முடிவெடுத்தால், தம் இடத்துக்கு வரப்போகிறவர்களுக்குத் தாமே பயிற்சி கொடுத்துவிட்டுப் போகும்படி இந்த ஊழியர்களிடம்தான் கேட்கப்போகிறோம். இதைப் பல நிறுவனங்களில் பார்த்திருக்கிறேன். இரண்டு வாரம் உட்காரவைத்து, எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் போ என்பார்கள். வேலை போகப்போகிறது என்று தெரிந்த மனிதர் எதைக் கொட்டுவார்? அவருக்கு முறையான இழப்பீடும், முடிந்தால் வேறு பிரிவில் இடமும் கொடுக்க வேண்டும். இது கருணை மட்டும் இல்லை. அவர் தலையில் இருக்கும் அறிவு இல்லாமல் எந்த ஊருக்கு மாற்றினாலும் மாற்றம் தோற்கும்.

மணிலா

தொலைபேசி உதவியில் பிலிப்பைன்ஸ் 2010-ஐ ஒட்டியே இந்தியாவை முந்திவிட்டது. தொலைபேசி உதவியும் பின்னணி வேலைகளும் சேர்ந்த துறையில் 2024-இல் அங்கே 18 லட்சம் பேர் அளவுக்கு வேலை செய்தார்கள். பள்ளியிலிருந்தே ஆங்கிலம், பேச்சில் இயல்பான பணிவு, சேவைத் தொழிலை மதிக்கும் பழக்கம் என அவர்களுடைய பலம் உண்மையானது. மணிலாவும் சிங்கப்பூரும் ஒரே நேரத்தில் இயங்குகின்றன என்பது கூடுதல் வசதி. தகவல் பாதுகாப்புக்கு 2012-லேயே சட்டம் வந்துவிட்டது.

அமெரிக்க வாடிக்கையாளர் ஆயிரக்கணக்கில் இருந்தால் நானே மணிலாவைத்தான் சொல்வேன். நம் குடும்பத்துக்கு அது பொருந்தாது. நல்ல ஒப்பந்த நிறுவனங்கள் பெரிய எண்ணிக்கையில் இருக்கைகளை எடுப்பவர்களுக்குத்தான் தங்கள் சிறந்த ஆட்களைக் கொடுப்பார்கள். ஐந்தாறு இருக்கை கேட்கும் சிறு வாடிக்கையாளருக்கு, இன்று நம் பில் மென்பொருளுக்கும் நாளை ஒரு விமான நிறுவனத்துக்கும் பதில் சொல்லும் பொதுக் குழுதான் கிடைக்கும். சிங்கப்பூரின் செராங்கூன் ரோட்டில் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி தமிழில் தொடங்கி ஆங்கிலத்துக்குப் போய் மறுபடி தமிழுக்கு வருகிறவர். அவருக்கு மணிலாவில் யார் பதில் சொல்வது? புயல் இன்னொரு கவலை. 2021 டிசம்பரில் அடித்த ஒடெட் புயலில், கால் சென்டர்கள் நிறைந்த செபு நகரம் பல நாட்கள் மின்சாரம் இல்லாமல் தவித்தது.

சென்னை

விலை குறைவு, தமிழும் ஆங்கிலமும் உண்டு, கையெழுத்துப் போட்ட மாதத்திலேயே தொடங்கிவிடலாம். வாடிக்கையாளர் உதவி என்ற துறையில் சென்னைக்கு ஆழமான பழக்கமும் இருக்கிறது. பிரெஷ்டெஸ்க் மென்பொருள் 2010-இல் இங்கே பிறந்ததுதான். அதன் தாய் நிறுவனம் 2021-இல் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்றது.

ஆனால் ஒப்பந்த நிறுவனத்தில் ஆள் நிற்க மாட்டார். ஓ.எம்.ஆர். சாலையில் எதிர்க் கட்டடத்தில் இரண்டாயிரம் ரூபாய் கூடக் கொடுத்தால் போய்விடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் போக அவர் கையில் நிற்பதே கொஞ்சம்தான். நம் மென்பொருளைக் கற்றுக்கொள்ள நான்கு மாதம் ஆகும், கற்றவர் பத்தாம் மாதம் போய்விடுவார் என்றால் வாடிக்கையாளர்கள் காலமெல்லாம் புதியவரோடுதான் பேசிக்கொண்டிருப்பார்கள். வெள்ளத்தையும் மறக்க வேண்டாம். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயலின்போது 2023 டிசம்பரிலும் சென்னை எப்படி நின்றுபோனது என்று எல்லோரும் பார்த்தோம்.

இயந்திரத்தையே பதில் சொல்லவைப்பது பற்றியும் கேட்டார்கள். கடவுச்சொல்லை மாற்றுவது, பில்லின் நகலை அனுப்புவது போன்றவற்றுக்குத் தாராளமாக வைக்கலாம். அதற்கு மேல் வேண்டாம். ஸ்வீடனின் கிளார்னா நிறுவனம் 700 ஆட்களின் வேலையைத் தன் செயற்கை நுண்ணறிவு உதவியாளர் செய்வதாக 2024-இல் அறிவித்தது. அடுத்த ஆண்டே மறுபடி மனிதர்களைச் சேர்க்கத் தொடங்கியது. இணையதளத்தில் இயந்திரம் தவறாகச் சொன்ன கட்டணச் சலுகையை நிறுவனம்தான் ஈடுகட்ட வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் ஏர் கனடாவுக்கு எதிராக ஒரு தீர்ப்பும் வந்திருக்கிறது. வரி விகிதத்தை இயந்திரம் தவறாகச் சொல்லி ஒரு கடைக்காரர் அபராதம் கட்டினால் பொறுப்பு யாருடையது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

காரைக்குடி

இங்கே நான் பாரபட்சம் உள்ளவன். இந்த ஊரின் பிள்ளைகள் ஊரிலேயே நல்ல வேலையில் இருக்க வேண்டும் என்று விரும்புகிறவன். அதனாலேயே குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்தும் நாளில் காலை முதல் மாலை வரை ஜெனரேட்டர் ஓட வேண்டும். இணைப்பு இரண்டு வேறு நிறுவனங்களிடமிருந்து வேண்டும், இரண்டும் ஒரே பாதையில் வரக் கூடாது. வந்தால், சாலைக்குக் குழி தோண்டும்போது இரண்டு கேபிளும் ஒன்றாக அறுந்துபோகும். பிறகு இரண்டு இணைப்பு வைத்து என்ன பயன்? சீன மொழியும் மலாயும் பேசுபவர்கள் இங்கே கிடைக்க மாட்டார்கள். அந்த அழைப்புகளுக்கு மலேசியாவில் ஆள் இருந்தே ஆக வேண்டும். தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போகிறவர்கள் அலுவலகத்திலும் இருப்பார்கள். விடுப்பை முன்கூட்டியே பிரித்துக் கொடுக்கவில்லையென்றால் அந்த வாரம் போனை எடுக்க ஆள் இருக்காது. சிங்கப்பூரில் அது வேலை நாள்.

பெரியவருக்குப் பூர்வீக வீட்டிலேயே அலுவலகம் வைக்க ஆசை. கனத்த சுவர், உயரமான கூரை, வெயில் உள்ளே ஏறாது என்பதெல்லாம் சரி. ஆனால் அந்த வீட்டுக்கு எத்தனை பங்காளிகள், அத்தனை பேரும் கையெழுத்துப் போடுவார்களா என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ஒலி. ஒரு நாள் அந்த வீட்டின் பட்டாலை என்ற கூடத்தில் ஹெட்செட் போட்டு உட்கார்ந்து சிங்கப்பூருக்குப் பேசிப் பார்த்தோம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, வழுவழுவென்று சுண்ணாம்புப் பூச்சுப் பூசிய சுவர், மேலே தேக்கு: ஒலியை உறிஞ்ச எதுவுமே இல்லை. இரண்டாவது ஆள் பேசத் தொடங்கியதும் மறுமுனையில் இருந்தவர், "கோயில் மண்டபத்தில் இருந்தா பேசுகிறீர்கள்?" என்று கேட்டார். திரையும் விரிப்பும் தடுப்பும் போட்டு அந்த வீட்டை மறைப்பதை விட, கல்லூரிச் சாலைப் பக்கம் ஒரு சாதாரண மாடியை வாடகைக்கு எடுப்பது நல்லது என்று சொல்லிவிட்டேன். பெரியவருக்கு வருத்தம்தான்.

இனி நிறைகள். சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தியது. அங்கே காலை 9 மணிக்குக் கடை திறக்கும்போது இங்கே 6.30. அங்கே இரவு 9 மணிக்குக் கடை சாத்தும்போது இங்கே மாலை 6.30. இரவு ஷிப்டே கிடையாது! அமெரிக்காவுக்குப் பத்து மணி நேரம் தள்ளி உழைத்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். தூக்கம் கெட்டு, வயிறு கெட்டு, மூன்று ஆண்டில் வேலையை விட்டவர்கள் என் குழுவிலேயே எத்தனையோ பேர். இரவு வேலை இல்லை என்றால் தேவகோட்டையிலிருந்தும் கல்லலிலிருந்தும் திருமயத்திலிருந்தும் பெண்கள் பஸ் ஏறி வந்து போகலாம். சென்னைக்கு அனுப்ப வீட்டில் சம்மதிக்காததால் படிப்பை முடித்துவிட்டுச் சும்மா இருக்கும் பட்டதாரிப் பெண்கள் இந்தப் பகுதியில் நிறைய இருக்கிறார்கள். அழகப்பர் தொடங்கிவைத்த கல்லூரிகளும், 1985-இல் பல்கலைக்கழகமாக வளர்ந்த அழகப்பா வளாகமும், 1952-லிருந்து இயங்கும் பொறியியல் கல்லூரியும் ஆண்டுதோறும் பிள்ளைகளை வெளியே அனுப்பிக்கொண்டிருக்கின்றன. ஊருக்குள் அதற்கேற்ற வேலைதான் இல்லை.

சிறு ஊரில் இந்த வேலை நடக்குமா என்ற சந்தேகத்துக்குத் தென்காசி பதில் சொல்லிவிட்டது. 2011-இல் ஸோஹோ என்ற மென்பொருள் நிறுவனம் அங்கே சிறியதாகத் தொடங்கி, பிறகு பக்கத்து மத்தளம்பாறையில் வளர்ந்தது. வாடிக்கையாளர் புகார்களைக் கையாளும் ஸோஹோ டெஸ்க் என்ற மென்பொருளே அங்கே உருவானதுதான். சிறு ஊர்களில் பி.பி.ஓ. (பிற நிறுவனங்களின் வேலையைச் செய்துகொடுக்கும் அலுவலகம்) தொடங்குவோருக்கு ஓர் இருக்கைக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை கொடுக்கும் திட்டத்தை மத்திய அரசே நடத்தியது. இலக்கு 48,300 இருக்கைகள். 2020 நவம்பரில் இத்தகைய அலுவலகங்களுக்கான தொலைத்தொடர்பு விதிகள் தளர்ந்த பிறகு பழைய பதிவுத் தொல்லைகளும் பெரும்பாலும் போய்விட்டன. வெளிநாட்டு நிறுவனம் இந்தியாவில் நூறு சதவீத முதலீட்டில் துணை நிறுவனம் தொடங்கத் தடையில்லை. இயக்குநர்களில் ஒருவராவது இந்தியாவில் வசிப்பவராக இருக்க வேண்டும். பங்கு ஒதுக்கிய 30 நாளுக்குள் ரிசர்வ் வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும். மற்றவற்றை ஆடிட்டர் பார்த்துக்கொள்வார்.

திருச்சி விமான நிலையம் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் எட்டும் தூரம். அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் நேரடி விமானம் உண்டு. பொறியாளர் வந்து போகலாம், இங்கிருந்து ஆள் போய் வரலாம். இது எனக்குப் பெரிய விஷயம்.

ஏனென்றால், தூரத்தில் ஆள் வைத்துத் தொழில் நடத்துவதை இந்த ஊர் நூறாண்டுக்கு முன்பே செய்திருக்கிறது. ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர், கொழும்பு, சைகோன் என்று வட்டிக்கடை வைத்த நகரத்தார் முதலாளிகள் பலர் ஊரிலேயே இருந்தார்கள். கடையை நடத்தியவர் மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் கப்பலேறிப் போன மேலாள். அவருக்குக் கீழே அடுத்தாள், அவருக்கும் கீழே தொழில் பழகும் பெட்டியடிப் பையன். மேலாளின் கையில் முதலாளி எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரம் இருந்தது. யாருக்குக் கடன் கொடுப்பது, எதைப் பிணையாக வாங்குவது, எந்த வழக்கைப் போடுவது என்பதை அவரே முடிவு செய்தார். தவணை முடிந்ததும் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பினார்; அடுத்தவர் போனார். மலிவான ஆள் என்பதற்காக அவரை அனுப்பவில்லை. தொழிலைச் சிறு வயதிலிருந்து கற்றவர் என்பதால் அனுப்பினார்கள், அனுப்பியபின் நம்பினார்கள். இன்றைய கால் சென்டர் ஒப்பந்தம் இதற்கு நேர் எதிர். வேலையைத் தூரத்துக்கு அனுப்பிவிட்டு அதிகாரத்தைக் கையிலேயே இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது.

அதே வரலாற்றில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. 1930-களின் பெருமந்தத்தில் நெல் விலை வீழ்ந்து, கடனைத் திருப்ப முடியாத கீழ்ப் பர்மா விவசாயிகளின் நிலம் கடைகளின் வசம் வந்தது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் முக்கிய நெல் மாவட்டங்களின் சாகுபடி நிலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செட்டியார் கடைகளிடம் இருந்தது. ஊருக்கு வந்த ஐந்தொகையில், அதாவது சொத்தையும் கடனையும் காட்டும் கணக்கில், அது சொத்தாகத்தான் தெரிந்தது. நிலம் இழந்தவனின் கோபத்தை எழுத எந்தப் பேரேட்டிலும் பத்தி இல்லை. குறித்த நேரத்தில் அழைப்பு முடிந்ததா என்று மட்டும் காட்டும் மாத அறிக்கையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஐந்தொகைதான் நினைவுக்கு வருகிறது.

இவர்களுக்கு நான் சொன்னது

காரைக்குடியில் சொந்தக் குழு. ஒப்பந்த நிறுவனம் வேண்டாம். ஆனால் செலவைக் குறைப்பது மட்டுமே நோக்கம் என்றால் இதையும் செய்ய வேண்டாம் என்றும் சொன்னேன். முதல் ஆண்டில் மிச்சம் பெரிதாக இருக்காது. பயிற்சி, பயணம், இரட்டை இணைப்பு, ஜெனரேட்டர் என்று போய்விடும்.

"அப்படியானால் மணிலாக்காரர் முதல் மாதத்திலிருந்தே மிச்சம் காட்டுகிறாரே?" என்று மூத்த மகன் கேட்டார்.

"காட்டுவார் அண்ணே. உங்கள் வாடிக்கையாளர் பட்டியலை இரண்டாம் ஆண்டு முடிவில் எடுத்துப் பாருங்கள்" என்றேன்.

குழுவில் முதலில் சேர்ப்பவர்களை இரண்டிரண்டு பேராகச் சிங்கப்பூருக்கு அனுப்ப வேண்டும். அங்கே அலுவலகத்தில் உட்காரவைப்பதை விடக் கடைகளில் நிற்கவைக்க வேண்டும். மதியம் ஒரு மணிக்குச் சாப்பாட்டுக் கடையில் வரிசை நிற்கும்போது பில் இயந்திரம் நின்றுபோனால் என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்த்தவர், போனில் "சற்று நேரம் காத்திருங்கள்" என்று சொல்ல மாட்டார். ஒவ்வொருவருக்கும் ஒரு தொகை வரை தாமே முடிவெடுக்கும் உரிமை வேண்டும்: மாற்று அடாப்டர், மாற்று பிரிண்டர், ஒரு மாதச் சந்தா தள்ளுபடி. யாரையும் கேட்க வேண்டாம், எழுதி வைத்தால் போதும். சிங்கப்பூர்ப் பொறியாளரை நேரடியாக அழைக்கும் உரிமையும் வேண்டும். சிக்கலான புகார்களுக்கான இரண்டாம் நிலை உதவியும், மென்பொருளை மாற்றி எழுதும் வேலையும் இப்போதைக்குச் சிங்கப்பூரிலேயே இருக்கட்டும். இப்போது இருக்கும் உதவிப் பிரிவினரில் மூத்தவர் ஒருவர் சம்மதித்தால் ஓராண்டுக்குக் காரைக்குடிக் குழுவுக்குத் தலைமை ஏற்கட்டும், சிங்கப்பூர்ச் சம்பளத்திலேயே.

பெயரை மாற்ற வேண்டாம். எனக்கு இரவில் ஒரு ஆங்கிலப் பெயர் கொடுத்திருந்தார்கள். என் குழுவில் இருந்த மீனாட்சி, மேகி ஆனார். யாரையும் அது ஏமாற்றவில்லை, எங்களைத்தான் சிறுமைப்படுத்தியது. காரைக்குடியிலிருந்து வள்ளியம்மை பேசுகிறேன் என்றால் மலேசியாவின் கிள்ளானில் கடை வைத்திருப்பவர் முதலில் ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை விசாரிப்பார். விசாரிக்கட்டும், அந்த அரை நிமிடம் வீண் இல்லை. அழைப்பின் நீளத்தை அளக்கவே வேண்டாம். அதே புகாருக்கு ஏழு நாளுக்குள் மறுபடி அழைப்பு வந்ததா என்பதை மட்டும் அளந்தால் போதும்.

பாதுகாப்பில் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது. தொழில்நுட்ப உதவி என்ற பெயரில் வெளிநாட்டவரை ஏமாற்றும் போலிக் கால் சென்டர்களால் இந்திய எண்ணிலிருந்து வரும் அழைப்பின் மேல் உலகெங்கும் சந்தேகம் வந்துவிட்டது. மைக்ரோசாஃப்ட், அமேசான் நிறுவனங்களின் புகாரின் பேரில் 2023 அக்டோபரில் சி.பி.ஐ. பல மாநிலங்களில் சோதனை நடத்தியது. அதனால் நம் குழு வாடிக்கையாளர் கணினிக்குள் நுழைவது அவர் மென்பொருளில் தாமே அனுமதிப் பொத்தானை அழுத்தினால் மட்டும். ஓ.டி.பி.யோ வங்கி விவரமோ எந்த நிலையிலும் கேட்கப்படாது. திரையில் நடப்பது முழுவதும் பதிவாக வேண்டும். சிங்கப்பூரின் 2012 தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தகவலை வெளிநாட்டுக்கு அனுப்பினாலும் அதைக் காப்பாற்றும் பொறுப்பு அனுப்பிய நிறுவனத்தையே சேரும்.

ஆறு மாதம் இரண்டு இடத்திலும் சேர்த்தே நடத்தச் சொல்லியிருக்கிறேன். தமிழிலும் ஆங்கிலத்திலும் வரும் சிங்கப்பூர் அழைப்புகள் முதலில் காரைக்குடிக்கு வரும். மலேசியாவுக்கு மின்-விலைப்பட்டியல் வேலை அடங்கும்வரை எதையும் மாற்ற வேண்டாம். ஏழு நாள் கணக்கில் காரைக்குடி சிங்கப்பூரை எட்டவில்லையென்றால் மேற்கொண்டு ஆள் எடுக்காமல் நிறுத்திவிட வேண்டும். கோலாலம்பூரில் மலாயும் சீனமும் பேசி உதவி சொல்லும் இரண்டு ஊழியர்களின் ஒப்பந்தம் விரைவில் முடிகிறது. காரைக்குடியில் மாடியைப் பேசி முடிப்பதற்கு முன் அதைப் புதுப்பித்துவிடும்படி சொல்லி அனுப்பினேன்.